படிக்கட்டு ஏற ஒரு கட்டளை: பழைய ஜப்பானிய கேம்களும் ரீமேக் சண்டையும்

1986-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்த முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ கேமில், படிக்கட்டின் மேல் போய் நின்றால் நாயகன் சும்மாதான் நிற்பான். பட்டனை அழுத்தி மெனுவைத் திறந்து, அதில் ‘படிக்கட்டு’ என்ற கட்டளையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அடுத்த தளத்துக்குப் போவான். எதிரில் நிற்கும் ஆளிடம் பேச வேண்டுமா? ‘பேசு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கதவு திறக்க ஒரு கட்டளை, பெட்டியை எடுக்க இன்னொன்று.

அடுத்தடுத்த பாகங்களிலும் மறுபதிப்புகளிலும் இந்தப் படிக்கட்டுக் கட்டளையைத் தூக்கி எறிந்தார்கள். அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. அதே கேமில் இன்னொரு விதியும் இருந்தது. வயல்வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது, கண்ணுக்கே தெரியாத எதிரி ஒன்று திடீரென்று வந்து மறிக்கும், திரை மாறும், சண்டை தொடங்கும். இதை வைத்துக்கொள்ளலாமா எடுத்துவிடலாமா என்று ஒவ்வொரு ரீமேக் (பழைய கேமைப் புதிதாகச் செய்வது) அறிவிப்பின்போதும் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு விதிக்கும் ஒரே வயது. ஒன்று சத்தமில்லாமல் செத்துப்போனது, மற்றது நாற்பது வருடமாக வழக்கு நடத்துகிறது. ஏன் என்று புரிந்தால் ரீமேக் பற்றிய வாதம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஜேஆர்பிஜி என்றால்

ஆர்பிஜி என்பது ஒரு பாத்திரமாக நாம் உள்ளே போய் விளையாடும் கேம். சண்டை போட்டால் அனுபவப் புள்ளி கிடைக்கும், புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் பலம் கூடும். போக்கிமான் விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதுவும் ஒரு ஜப்பானிய ஆர்பிஜிதான், சுருக்கமாக ஜேஆர்பிஜி. நான் ஒரு முறை அடித்தால் எதிரி ஒரு முறை அடிக்கும் முறைவைத்த சண்டை, மூன்று நான்கு பேர் கொண்ட கூட்டம், முப்பது நாற்பது மணி நேரம் ஓடும் நீண்ட கதை. இவைதான் இந்த வகையின் பொதுவான அடையாளம்.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1981-இல் அங்கே கணினிக்கு ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்று இரண்டு கேம்கள் வந்தன. அவற்றில் மயங்கிய யூஜி ஹோரி என்ற ஜப்பானியர், கீபோர்டே இல்லாத ஃபேமிகாமில் சின்னப் பிள்ளைகளும் விளையாடும்படி அவற்றை எளிமையாக்கி டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கினார். படம் வரைந்தவர் அகிரா தொரியாமா. மறு வருடமே, 1987-இல், ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சியின் குழு ‘ஃபைனல் ஃபேன்டசி’யைக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அல்டிமாவில் ஒவ்வொரு செயலுக்கும் கீபோர்டில் ஓர் எழுத்து. எந்த எழுத்து எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஹோரி அதை எல்லாம் கண்ணெதிரே தெரியும் ஒரு சின்ன மெனுவில் அடக்கினார். இன்று நாம் பார்த்துச் சிரிக்கும் படிக்கட்டுக் கட்டளை அந்தக் காலத்தில் பெரிய சலுகை!

நம் ஊருக்கு இது வந்த வழி

ஜப்பானில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் பழைய விதியை மாற்றாதே என்று கத்தினால், அதில் அவருடைய பள்ளிக்கூட நாட்கள் இருக்கின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் வளர்ந்த நமக்கு அது இல்லை. தொண்ணூறுகளில் இங்கே வீட்டுக்கு வந்தது ‘டிவி கேம்’. அது ஃபேமிகாமின் நகல் என்று பலருக்குத் தெரியாது. மரியோ, கான்ட்ரா, டாங்கி சுடுவது, வாத்து சுடுவது. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். திருப்பித் திருப்பி அதே பத்துப் பதினைந்துதான் வரும். டிராகன் குவெஸ்ட் எந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டதோ அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் வளர்ந்தோம். பக்கம் பக்கமாக ஜப்பானிய எழுத்து ஓடும் கேமை யார் அந்தக் கேசட்டில் போடுவார்கள்?

பிறகு பிளேஸ்டேஷன் 2 வைத்த கேம் கடைகள் வந்தன. மணிக்கணக்கில் காசு கட்டி விளையாடும் இடத்தில் கார் பந்தயமும் மல்யுத்தமும் ஓடும். நாற்பது மணி நேரக் கதையை அங்கே உட்கார்ந்து முடிக்க வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

கடைசியில் நம்மில் பலருக்கு ஜேஆர்பிஜி வந்து சேர்ந்தது கணினியில், எமுலேட்டர் வழியாக, ‘போக்கிமான் ஃபயர் ரெட்’ என்ற பெயரில். பழைய கருவியைப்போல நடிக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். ஃபயர் ரெட் 2004-இல் வந்தது. 1996-இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் கேமின் ரீமேக் அது. ஆக, நம் பக்கத்தில் பலருடைய முதல் ஜேஆர்பிஜியே ஒரு ரீமேக்தான், அது ரீமேக் என்று தெரியாமலேயே. அதையும் இருந்தபடி விளையாடினோமா என்றால் இல்லை. அந்த எமுலேட்டரில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் கேம் பல மடங்கு வேகத்தில் ஓடும். நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், தோற்றால் ஒரு விநாடியில் திரும்பலாம். இன்று நிறுவனங்கள் ரீமேக்கில் புதிய வசதி என்று விற்கும் பாதிச் சரக்கை நாம் அப்போதே இலவசமாக அனுபவித்துவிட்டோம். இதை நினைவில் வையுங்கள், கொஞ்சம் தள்ளி உதவும்.

மறைந்திருந்து தாக்கும் எதிரி

அந்தத் திடீர் சண்டைக்கு ரேண்டம் என்கவுண்டர் என்று பெயர். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் கேம் உள்ளுக்குள் ஒரு பகடை உருட்டுகிறது; குறிப்பிட்ட எண் விழுந்தால் சண்டை. புல்வெளியில் வாய்ப்பு குறைவு, காட்டிலும் மலையிலும் அதிகம்.

ஏன் இப்படி? முதல் காரணம் கருவியின் ஏழ்மை. ஃபேமிகாமின் வேலை நினைவகம் 2 கிலோபைட். திரையில் நகரும் படத்துண்டுகள் அதிகபட்சம் 64. ஒரே கிடைவரிசையில் 8-க்கு மேல் வந்தால் மிச்சம் காணாமல் போகும். சாதாரணமாக ஒரு மனித உருவத்துக்கே நான்கு துண்டு வேண்டும், வரிசைக்கு இரண்டு. நான்கு பேர் அருகருகே நின்றாலே கணக்கு முடிந்துவிடும். இதில் காடு நிறைய எதிரிகளை நடமாட விடுவது எங்கே? பகடை உருட்டுவது மலிவு.

ரேண்டம் என்கவுண்டர் வேண்டாம் என்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள்: ‘கருவி சரியில்லை, அதனால் வைத்தார்கள், இப்போது கருவி நன்றாக இருக்கிறது, எடுத்துவிடலாம்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு விதி எந்தக் காரணத்தால் பிறந்தது என்பது ஒன்று, பிறந்த பிறகு அது அங்கே என்ன வேலை பார்த்தது என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் செய்யப்படும் ரீமேக்குகள்தான் பெரும்பாலும் சொதப்புகின்றன.

முதல் டிராகன் குவெஸ்ட்டில் நாயகன் தனியாள். உடல்நலத்தைக் கூட்டும் மூலிகை ஆறு வரைதான் கையில் வைத்துக்கொள்ளலாம். குகைக்குள் இருட்டு, தீப்பந்தம் வேண்டும். செத்துப்போனால் அரசர் முன்னால் மறுபடி எழுவீர்கள், ஆனால் கையிலிருந்த பொன் பாதியாகிவிடும். இப்போது ஒரு குகையில் நடக்கிறீர்கள். ஒவ்வோர் அடியும் செலவு. இரண்டு மூலிகை மிச்சம், மந்திர சக்தி கொஞ்சம்தான். இன்னும் ஒரு வளைவு தாண்டினால் பெட்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திரும்பிவிடலாமா? இந்தக் கேள்விதான் அந்த கேம். எதிரியை அடிப்பது அதில் சின்னப் பகுதி. தூரத்துக்கு விலை வைத்தது ரேண்டம் என்கவுண்டர். முட்டுச்சந்து எரிச்சலாக இருந்ததும், ஊர் கண்ணில் பட்டதும் அப்பாடா என்று இருந்ததும் அந்த விலையால்தான்.

சரி, அப்படியானால் அதை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். 1995-இல், ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமுக்காக வெளியான ‘குரோனோ டிரிகர்’ அழகாக எடுத்துக் காட்டியது. எதிரிகள் கண்ணெதிரே திரிகிறார்கள், சண்டை அதே இடத்தில் நடக்கிறது, உலக வரைபடத்தில் சண்டையே கிடையாது. ஆனால் அதற்கேற்றபடி இடங்களையும் சுருக்கமாக வடிவமைத்தார்கள். எந்த எதிரி எங்கே எந்தக் கூட்டத்தோடு நிற்கிறது என்பதே யோசித்து வைத்த ஒன்று. அதற்கு முந்தைய வருடம் ஜப்பானில் வந்த ‘மதர் 2’-வில் (வெளியே ‘எர்த்பவுண்ட்’) உங்கள் லெவல் ஏறிவிட்டால் சின்ன எதிரிகள் உங்களைக் கண்டு ஓடுவார்கள். போய் மோதினால் சண்டை போடாமலே வெற்றி. ரேண்டம் என்கவுண்டர் பார்த்த வேலையை இரண்டு கேமும் வேறு ஒன்றிடம் ஒப்படைத்தன.

‘பிரேவ்லி டிஃபால்ட்’ வேறு வழி கண்டது. எதிரி வரும் அளவை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம், முழுக்க நிறுத்தியும் விடலாம். 2023-இல் கன்சோலுக்கு, அதாவது டிவி கேம் கருவிகளுக்கு, வந்த ஃபைனல் ஃபேன்டசி பிக்சல் ரீமாஸ்டர்களிலும் (முதல் ஆறு பாகங்களின் மெருகேற்றிய பதிப்புகள்) அப்படி ஒரு சுவிட்ச் உண்டு. கூடவே அனுபவப் புள்ளியை நான்கு மடங்கு வரை பெருக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நண்பருக்கும், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய அக்கா பையனுக்கும் இதில் பெரிய தகராறு.

“எதிரியே வராம ஆஃப் பண்ணிட்டேன் மாமா. கதை செமயா இருக்கு.”

“அப்புறம் பெரிய எதிரி, அந்த பாஸை எப்படிடா அடிச்ச?”

“எக்ஸ்பி நாலு மடங்கு வச்சு, ஒரு இடத்துல மட்டும் ஆன் பண்ணி லெவல் ஏத்திக்கிட்டேன்.”

“அப்ப நீ விளையாடலடா, படம் பாத்திருக்க.”

“நீங்க மட்டும்? ஸ்பேஸ் பாரை அழுத்திக்கிட்டேதானே மாமா போக்கிமான் முடிச்சீங்க?”

நண்பர் பதில் சொல்லாமல் டீ போட எழுந்து போனார்.

பையன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. ஸ்பேஸ் பார் நேரத்தைத்தான் குறைக்கும். செலவுக் கணக்கைத் தொடாது. மூலிகை அதே இரண்டுதான், வேகமாகத் தீரும், அவ்வளவே. எதிரியை நிறுத்துவது கணக்கையே அழிக்கிறது. வேகத்தைக் கூட்டும் வசதிக்கும் விலையை நீக்கும் வசதிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லாப் புதிய வசதியையும் இதில் ஒரு பக்கம் வைத்துவிடலாம்.

சேவ் செய்வது

முதல் டிராகன் குவெஸ்ட்டில் சேவ் என்றால் அரசர் சொல்லும் இருபது எழுத்து மந்திரத்தைத் தாளில் எழுதிக்கொள்வது. இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினால் முடிந்தது கதை. 1988-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்தார்கள். அதன் பிறகும் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது குகையில் குறிப்பிட்ட இடத்தை அடைய வேண்டும்.

1990-இன் ‘ஃபைனல் ஃபேன்டசி 3’-இல் கடைசிக் கோபுரத்துக்குள் நுழைந்தால் முடியும்வரை சேவ் கிடையாது. மணிக்கணக்கான ஏற்றம், வரிசையாக பாஸ்கள், இறுதியில் தோற்றால் எல்லாம் முதலிலிருந்து. 2006-இல் டிஎஸ் கருவிக்கு முப்பரிமாணத்தில் ரீமேக் செய்தபோதும் அங்கே நிரந்தர சேவ் தரவில்லை, ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு தற்காலிக சேவ் மட்டும் வந்தது. பிக்சல் ரீமாஸ்டரிலும் எங்கே வேண்டுமானாலும் அவசர சேவ் உண்டு.

இதில் பழமைவாதிகளோடு நான் சேரமாட்டேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்க்காரன் நான். அதற்கு அடுத்த வருடம் முழுக்கத் தமிழ்நாட்டில் மின்வெட்டு. சேவ் செய்யும் இடத்துக்கு நாற்பது நிமிடம் நடக்க வேண்டும் என்று விதி எழுதியவர், கரண்ட் போகாத ஊரில் இருந்து எழுதியிருக்கிறார். பதற்றம் வேண்டும் என்பது சரிதான். வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போக விடும் சேவ், தோற்றால் திரும்பி வர விடும் சேவ் என்று இரண்டு உண்டு. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறுத்தால் பதற்றம் ஒரு துளியும் குறையாது. பல கேம்களில் வரும், திறந்தவுடன் அழிந்துவிடும் தற்காலிக சேவ் அந்த வகைதான்.

காற்றில் வீசிய வாள்

முதல் ஃபைனல் ஃபேன்டசியில் நான்கு பேருக்கும் முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரை ஒரே பூதத்தின் மேல் ஏவி, முதல் ஆள் அடித்ததிலேயே அது செத்துவிட்டால், இரண்டாம் ஆள் வெறும் காற்றை வெட்டுவான். பலனில்லை என்று திரையில் வரும். கடையில் மருந்து வாங்குவதும் ஒவ்வொன்றாகத்தான். ஐம்பது வேண்டுமானால் ஐம்பது தடவை. அறிவுத்திறன் என்று ஓர் எண் இருக்கும், நிரல் பிழையால் அது மந்திரத்தின் பலத்தை மாற்றவே மாற்றாது.

மூன்றும் பழைய குறை என்ற ஒரே மூட்டையில் கட்டப்படும். பிரித்துப் பாருங்கள். மருந்து வாங்கும் தொல்லை வெறும் தொல்லை. அறிவுத்திறன் பிழை பிழைதான். காற்றில் வீசும் வாள் அப்படியல்ல. இந்தப் பூதத்துக்கு ஓர் அடி போதுமா, இரண்டு வேண்டுமா என்று முன்கூட்டிக் கணிக்க வைத்தது அது. எதிரியின் பலத்தைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது. பிந்தைய பதிப்புகளில் வாள் தானாகவே அடுத்த எதிரிக்குத் திரும்புகிறது. வசதிதான். எல்லோரும் ஒரே பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம் என்பதும் அதனோடு வந்த விளைவுதான்.

2004-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு வந்த பதிப்பில் இன்னும் ஒரு படி போனார்கள். மூலத்தில் ஒவ்வொரு மந்திர நிலைக்கும் இத்தனை தடவை என்று தனித்தனிக் கணக்கு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவான மந்திரப் புள்ளி வைத்தார்கள். எங்கும் சேவ் செய்யும் வசதியும் வந்தது. கேம் மிகவும் எளிதாகிவிட்டது. பிக்சல் ரீமாஸ்டரில் பழைய தனித்தனிக் கணக்கையே திரும்பக் கொண்டுவந்தார்கள்! காலாவதி என்று தூக்கிப்போட்டதை அதே நிறுவனமே தூசு தட்டி எடுத்து வைத்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சொல் பேச்சு கேட்காத தோழர்கள்

2006-இன் ‘பெர்சோனா 3’ இந்த வாதத்தில் எனக்குப் பிடித்த வழக்கு. நாயகனுக்கு மட்டும்தான் நீங்கள் கட்டளை கொடுக்க முடியும். மற்றவர்கள் தாங்களாகவே சண்டை போடுவார்கள். பொதுவாகத் தாக்கு, காப்பாற்று என்று திட்டம் சொல்லலாம், அவ்வளவுதான். எதிரியைக் கொல்ல ஒரே அடி பாக்கி இருக்கும், தோழி ஒருத்தி அந்த நேரம் பார்த்துத் தேவையே இல்லாத மயக்க மந்திரம் போட்டுக்கொண்டிருப்பாள். தலையில் அடித்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அதே கேமில் இன்னொன்றும் உண்டு: இரவில், எதிரிகள் நிறைந்த கோபுரம் ஒன்றில் ஏறினால் தோழர்கள் களைத்துப்போவார்கள். களைத்த ஆள் சண்டையில் தடுமாறுவான், அடுத்த நாளும் வரமுடியாமல் போகலாம். ஆகவே எந்த இரவு ஏறுவது, எந்த இரவு விடுவது என்று மாதத்தைத் திட்டமிட வேண்டும்.

2009-இல் பிஎஸ்பி கைக்கருவிக்கான பதிப்பு வந்தபோதே எல்லோருக்கும் நேரடிக் கட்டளை கொடுக்கும் வசதி வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த ‘பெர்சோனா 3 ரீலோட்’ அதையே இயல்பாக்கியது, களைப்பையும் எடுத்துவிட்டது. விளையாட்டு சீராகிவிட்டது, மறுக்கமுடியாது. ஆனால் கதை என்ன? ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறும் பள்ளிப் பிள்ளைகள், நாட்கள் எண்ணப்பட்டு நகரும் ஒரு வருடம். தோழர்கள் உங்கள் கைப்பாவை இல்லை என்று பழைய சண்டைமுறை சொன்னது. உடம்புக்கு எல்லை உண்டு என்று களைப்பு சொன்னது. இரண்டும் கதையோடு ஒட்டிய விதிகள்.

ஆனால் மயக்க மந்திரம் போட்ட தோழியைக் கதையின் ஆழம் என்று காப்பாற்றுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அது கொஞ்சம் கதை, நிறைய சுமாரான நிரல். சுய புத்தியுள்ள தோழர்களை வைத்திருக்கலாம், புத்தியைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். களைப்பை எடுத்ததுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது. அது போன பிறகு ஒரே இரவில் ஒரு மாதத்து வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகத் திரியலாம். அந்த வருடத்தின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

போர்ட், ரீமாஸ்டர், ரீமேக்

இதுவரை இந்தச் சொற்களைக் கலந்தே பயன்படுத்தினேன். பிரித்துக்கொள்ள நம் ஊர்க் கட்டடங்களே போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பிரெஞ்சுக் காலத்து மேரி கட்டடம் (நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில், பழைய முகப்பு மாறாமல், அடியிலிருந்து புதிதாகக் கட்டினார்கள். அது ரீமேக். வைசியாள் வீதியில் திண்ணையும் தூணுமாக நின்ற பழைய தமிழ் வீடுகளை இடிக்காமல் பழுதுபார்த்துச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசினார்கள். அது ரீமாஸ்டர். வீட்டில் ஒன்றையும் தொடாமல் புதுக் குடித்தனம் வந்தால் அது போர்ட்: பழைய கேம், புதிய கருவி, அவ்வளவே. மேரி கட்டடத்தைப் பார்த்து இது பழையதா புதியதா என்று இரண்டு பேர் வாதிட்டால் இரண்டு பேரும் ஜெயிக்கலாம். ரீமேக் கேம்களிலும் அதே நிலைதான்.

ரீமேக்குக்குள்ளும் தூரம் நிறைய உண்டு. 1994-இன் ‘லைவ் எ லைவ்’ 2022-இல் எச்டி-2டி பாணியில் வந்தபோது, பழைய புள்ளிப்பட உருவங்களை முப்பரிமாண அரங்கில் நிறுத்தி, எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2024 நவம்பரில் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 3’-உம் அதே பாணி. ரேண்டம் என்கவுண்டர் அப்படியே இருக்கிறது, ஆனால் சண்டையின் வேகத்தைக் கூட்டலாம், எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஆள் சாகவே மாட்டான். மறு கோடியில் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’. 1997-இல் மூன்று சிடியில் அடங்கிய கதை. 2020-இல் வந்த ரீமேக், அதன் தொடக்க நகரமான மிட்கரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு கேமாக நீட்டியது. 2024-இல் இரண்டாம் பகுதி வந்தது. சண்டை ஓடி ஓடி அடிக்கும் வகையாகிவிட்டது, கதையும் பழைய தடத்திலேயே போகவில்லை. எனக்கு இது பிடிக்கும், ஆனால் முதல் முறை வருபவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். 1997-இன் கதையைத் தெரிந்தவர்களோடு இது உரையாடுகிறது. தெரியாதவருக்குப் பாதிச் சுவை போய்விடும்.

ஆகவே ரீமேக் நன்றாக இருந்தாலும் மூலம் கிடைக்க வேண்டும். இந்த வாதத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். 2021-இல் பிக்சல் ரீமாஸ்டர்கள் வரும் சமயத்தில், ஸ்டீம் என்ற இணையக் கணினி கேம் கடையில் விற்பனையில் இருந்த ஃபைனல் ஃபேன்டசி 5, 6-இன் முந்தைய பதிப்புகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்புகள் பார்க்கச் சகிக்காது என்பது வேறு விஷயம். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாவிட்டால் எது காலாவதி, எது இழப்பு என்ற வாதமே நடக்காது. நிறுவனம் சொல்வதுதான் வரலாறு.

இன்னொரு வகை விதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. 2006-இன் ‘ஃபைனல் ஃபேன்டசி 12’-இல் ஒரு பெரிய ஈட்டி இருக்கிறது. வழியில் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விட்டால்தான் அது உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும். எந்தப் பெட்டி என்று கேம் சொல்லாது. பெட்டியைக் கண்டால் திற என்று பத்து கேம்கள் பழக்கிவிட்டு இது என்ன நியாயம்? 2017 ரீமாஸ்டரில் இந்தக் கண்ணி இல்லை. இது எந்த வேலையும் பார்க்கவில்லை, போனது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது

போனிலேயே தொடங்க வேண்டுமென்றால் குரோனோ டிரிகர். முப்பது வருடம் ஆகியும் அதிகம் பழசாகவில்லை, இருபது சொச்சம் மணி நேரத்தில் முடிந்துவிடும். அது பிடித்துவிட்டால் ஃபைனல் ஃபேன்டசி 6-இன் பிக்சல் ரீமாஸ்டருக்குப் போங்கள். எதிரியை நிறுத்தும் சுவிட்சும் புள்ளியைப் பெருக்கும் வசதியும் உங்கள் பதிப்பில் இருந்தால், முதல் சில மணி நேரம் அவற்றைத் தொடாமல் விளையாடிப் பாருங்கள். சலித்தால் வேகத்தைக் கூட்டும் வசதியை முதலில் எடுங்கள், விலையை நீக்கும் வசதியைக் கடைசியில். கன்சோலில் வாங்குவதாக இருந்தால் எழுத்துருவைப் பழையதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வைத்திருந்த மெல்லிய எழுத்து கண்ணைப் படுத்தும்.

பாதிக் கதையில் வானில் மிதக்கும் ஒரு நிலத்திலிருந்து தப்பிக்கும் கட்டம் வரும். மூலையில் ஆறு நிமிடக் கடிகாரம் ஓடும். விளிம்புக்கு வந்ததும் குதிக்கலாமா, காத்திருக்கலாமா என்று கேட்பார்கள். காத்திருங்கள், கடைசி ஐந்து விநாடி வரை. காரணத்தை அங்கே போய்த் தெரிந்துகொள்ளுங்கள். 1994-இல் வைத்த இந்த விதியை மட்டும் ரீமாஸ்டரில் யாரும் தொடவில்லை.